தையல்காரர் பிரித்துத் தைத்த இன்ஜின்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. தலையில் கைவைத்துச் சத்தியம் செய்யத் தயார். யார் தலையில் என்பதில்தான் வீட்டில் இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. கூட்டிச் சொன்னது ஒன்றுமில்லை. கேட்பவர்கள் நம்ப வேண்டுமே என்று சில இடங்களில் குறைத்துச் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான்.

தையல்காரரின் வீட்டுக் கொட்டகையில் ஒரு கார் நின்றது. ஓடிய காலத்தில் அது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்றரை லிட்டர் ஆயில் குடித்து, குடித்ததையெல்லாம் புகையாக விட்டது. சாதாரணப் புகை இல்லை. எதிர்வீட்டு வாத்தியார் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துப்போய், "அதோ அது மழைமேகம், இதோ இது பஞ்சுமேகம்" என்று அதைக் காட்டியே ஒரு வாரம் பாடம் நடத்தினார். பிறகு ஒரு நாள் புகை நின்றது. கூடவே காரும் நின்றது.

நின்ற காரைத் தையல்காரர் சும்மா விடவில்லை. கடையில் வெட்டி மிஞ்சிய துணிகளைக் கொண்டு இருக்கைகளுக்கு உறை தைத்தார். ஒரு நாள் பின்னிருக்கையில் உட்கார்ந்து பார்த்த வாத்தியார், தன் கல்யாணக் கோட்டின் துணி சாய்மானத்தில் இருப்பதைக் கண்டு, "மீதி ஒண்ணும் இல்லைன்னீங்களே?" என்று கேட்டார்.

"இது போக மீதி இல்ல சார்," என்றார் தையல்காரர்.

அவர் கைவேலையில் யாரும் குறை சொன்னதில்லை. தேதியில்தான் குறை. எப்போது போனாலும் "காஜா, பட்டன் மட்டும்தான் பாக்கி, நாளைக்கு வாங்க" என்பார். பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது சட்டைக்கு அளவு கொடுத்துப்போன பையன் ஒருவன், கடைசியில் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து அதை வாங்கிப் போனான். மகனுக்கு அளவு கச்சிதமாக இருந்தது. தொலைநோக்கோடு தைத்தவர் என்று தையல்காரரை யாரும் பாராட்டவில்லை. உலகம் அப்படித்தான்.

அவருடைய மைத்துனர் பழைய இரும்புக்கடை வைத்திருந்தார். தெருவில் அவருக்குக் 'காந்தம்' என்று பெயர். அவர் நடந்து வந்தால் ஜன்னல் கம்பிகள் லேசாக அந்தப் பக்கம் வளையும். ஒரு நாள் அக்காவைப் பார்க்க வந்தவர் அக்காவைப் பார்க்காமல் நேரே கொட்டகைக்குப் போனார். காரைச் சுற்றி வந்து, பானெட்டில் விரலால் தட்டினார்.

"மாமா, இது காரா, கோழிக்கூடா?"

"இன்ஜினை மட்டும் பிரிச்சு மாட்டணும் மாப்ள. மாட்டிட்டா குதிரை மாதிரி ஓடும்."

"இதையேதான் போன வருஷமும் சொன்னீங்க. குதிரையா இருந்தாக்கூட இந்நேரம் கிழடு தட்டிச் செத்திருக்கும். லாரியைக் கொண்டாந்து ஏத்திக்கிட்டுப் போறேன், இடமாவது மிஞ்சும்."

"தம்பி சொல்றதுல என்ன தப்பு?" என்றபடி தையல்காரரின் மனைவி வெளியே வந்தார். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் தெருவிலும் நர்ஸம்மா. "கொட்டகை காலியானா மழை நாள்ல துணி காயப்போடவாவது ஆகும்."

தையல்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை. காலையில வா மாப்ள. வண்டி ஓடலைன்னா நீயே எடுத்துக்கிட்டுப் போ."

நர்ஸம்மா சிரித்தார். பல்லைக் காட்டிச் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமே இல்லாமல் சிரித்தார். "நீங்களா? சொன்ன தேதிக்கா?"

கார் போனால் போகட்டும் என்று ஒருவேளை தையல்காரர் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பார். அந்தச் சிரிப்போடு மீதிக் காலத்தைக் கழிக்க முடியாது என்றுதான் ஸ்பேனரைக் கையில் எடுத்தார்.

இன்ஜினை வெளியே தூக்க வேண்டியிருந்தது. ஜீன்ஸ் துணியை நாலாக மடித்து, மூன்று வரிசைத் தையல் போட்டு ஒரு தூளி தைத்தார். கொட்டகையையும் வீட்டையும் சேர்த்துத் தாங்கும் பெரிய உத்தரத்தில் கப்பி கட்டி, தூளியை மாட்டி, சங்கிலியை இழுத்தார். தையல் நூலிழைகூட நெகிழவில்லை. இன்ஜின் ஓர் அடி மேலே வந்தது. வீடு கால் அடி கீழே இறங்கியது. அன்றிலிருந்து அந்த வீட்டு வாசற்படி தெருவோடு சமமாகிவிட்டதால் முழங்கால் வலிக்காரர்களுக்குச் சௌகரியம்.

சமையலறை மேசையின்மேல் இன்ஜினை வைத்துப் பிரித்தார். பிரிக்கப் பிரிக்க அது பெருகியது. ஒரு பானெட்டுக்குள் அடங்கிக் கிடந்த பொருள் மேசையை நிரப்பி, அலமாரியை நிரப்பி, மாவு டப்பாவுக்குள்ளும் புகுந்துகொண்டது. நாலு பிஸ்டன்களையும் வரிசையாக நிறுத்தி, முதலாவதை அவர் துடைத்துக்கொண்டிருந்தபோது நர்ஸம்மா தண்ணீர் குடிக்க வந்தார்.

குடிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

"அது என்ன துணி?"

"லைனிங் துணி. சுத்தமான காட்டன்."

"கையக் கழுவினீங்களா?"

"எதுக்கு?"

"தள்ளுங்க," என்றார் நர்ஸம்மா. "எனக்கு இந்தக் கார் மேல ஒரு பாசமும் கிடையாது. ஞாயித்துக்கிழமை தம்பி கொண்டுபோகட்டும், நான் தடுக்க மாட்டேன். ஆனா என் வீட்ல ஒரு வயித்தைத் திறந்து போட்டுட்டு அழுக்குக் கையோட யாரும் நிக்கக் கூடாது."

மறுநாளிலிருந்து சமையலறைக்குள் செருப்பு தடை செய்யப்பட்டது. தையல்காரருக்கு மூக்கையும் வாயையும் மூட ஒரு துணி. அதை அவரே தைத்துக்கொண்டார், வியக்கத்தக்க வகையில் அன்றைக்கே. வீட்டிலேயே பெரிய அண்டாவில் வால்வுகளும் பிஸ்டன்களும் கொதித்தன. கொதித்தவை கொடியில் கிளிப் மாட்டிக் காய்ந்தன. அவர் "பன்னெண்டு" என்று கையை நீட்டினால் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் உள்ளங்கையில் பட்டென்று வந்து விழுந்தது. தவறான ஸ்பேனரைக் கேட்டாலும் சரியான ஸ்பேனர்தான் வந்தது.

"நான் பதினாலு கேட்டேன்."

"உங்களுக்கு வேண்டியது பதிமூணு. எங்க டாக்டரும் இப்படித்தான் மாத்திக் கேப்பாரு."

சேதி பரவி, தெருவில் உள்ளவர்கள் பார்க்க வர ஆரம்பித்தார்கள். தொந்தரவு தாங்காமல் நர்ஸம்மா பார்வையாளர் நேரம் நாலு முதல் ஆறு என்று கதவில் எழுதி ஒட்டினார். வாத்தியார் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார்.

"எப்படி இருக்கு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நேத்தைக்கு இன்னைக்குத் தேவலை," என்றார் நர்ஸம்மா.

"பேச்சு இருக்கா?"

"இன்னும் நினைவு திரும்பலை. பயப்பட ஒண்ணுமில்லை, நல்ல உடம்பு."

ஆப்பிளைத் தையல்காரர் சாப்பிட்டார். நோயாளியின் சார்பில்தான்.

புகைக்குக் காரணம் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள். தேய்ந்து தேய்ந்து அவை எவ்வளவு மெலிந்திருந்தன என்றால், நர்ஸம்மா தூசி போகட்டும் என்று ஒன்றை ஊத, அது பறந்து போய்ச் சிலந்திவலையில் சிக்கி, வலை அறுந்துவிடாமல் அங்கேயே தொங்கியது. புது ரிங்கு வாங்கத் தையல்காரர் உதிரிபாகக் கடைக்குப் போனார். கடைக்காரர் அளவு கேட்டார்.

"இடுப்பு எழுபத்தஞ்சு மில்லி," என்றார் தையல்காரர். "நாலு பேருக்கும் ஒரே அளவுதான், அண்ணன் தம்பிங்க."

ரிங்கு கிடைத்தது, கேஸ்கட் கிடைக்கவில்லை. இன்ஜினின் உடம்புக்கும் தலைக்கும் நடுவே வைக்கும் தகடுதான் கேஸ்கட். நாலு பிஸ்டனுக்கும் நாலு பெரிய ஓட்டை, தண்ணீர் மேலே ஏறிச் சூட்டைத் தணிப்பதற்குச் சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டைகள். "இந்த வண்டிக்கு இப்ப அது வர்றதில்லைங்க," என்ற கடைக்காரர், ஒரு பெரிய கேஸ்கட் ஷீட்டைச் சுருட்டிக் கொடுத்தார். "நீங்களே அளவு பார்த்து வெட்டிக்கிடுங்க."

வெட்டிக்கிடுங்க! அந்த ஒரு சொல்லில் தையல்காரருக்கு உடம்பெல்லாம் பூரித்தது. அதுவரை எல்லாம் அடுத்தவர் தொழில்; இதுதான் அவர் தொழில். ஷீட்டை விரித்தார். இன்ஜின் தலையை அதன்மேல் வைத்துச் சாக்கட்டியால் கோடு இழுத்தார். பெரிய கத்தரிக்கோலை எடுத்து, மூச்சுவிடாமல் ஒரே இழுப்பில் வெட்டினார். வெட்டி முடித்ததைத் தூக்கிப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து ரசித்தார். நர்ஸம்மா அப்போது வால்வுகளைக் கழுவிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் இன்ஜின் காருக்குள் போய் உட்கார்ந்தது. "ஒரு ட்ரையல் பார்த்துடலாம்," என்றார் தையல்காரர். சாவியைத் திருப்பினார். முனகியது, இருமியது, பிடித்துக்கொண்டது. துளிப் புகை இல்லை. நர்ஸம்மா, எந்தப் பாசமும் இல்லாத அதே நர்ஸம்மா, இரண்டு கைகளையும் தட்டினார்.

தட்டி முடிப்பதற்குள் சூடு ஏறிவிட்டது. ரேடியேட்டரிலிருந்து ஆவி கிளம்பிக் கொட்டகையை நிரப்பியது. கொட்டகைக் கொடியில் கிடந்த தைத்த துணிகளெல்லாம் இஸ்திரி போட்டதுபோல் விறைத்து நின்றன. அவற்றில் ஒரு பேன்ட்டின் மடிப்பு இன்றுவரை கலையவில்லை என்று அதைப் போட்டிருப்பவர் சொல்கிறார். தையல்காரர் சாவியைத் திருப்பி நிறுத்தினார்.

தையல்காரரின் உதடு மெல்ல அசைந்தது.

"வாயைத் திறக்காதீங்க," என்றார் நர்ஸம்மா.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்ல வந்தீங்க. தம்பிக்கிட்ட 'நாளைக்கு வா'ன்னு சொல்லப் போறீங்க."

அதைத்தான் சொல்ல வந்தார். அந்த வார்த்தை நாக்கு நுனியில் பழகிய இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. அதை விழுங்குவது ஒரு முழு ஆப்பிளை மெல்லாமல் விழுங்குவதுபோல் இருந்தது.

"காய்ச்சல் இருக்கும்போது கத்தி வைக்கக் கூடாது," என்றார் நர்ஸம்மா. "ராத்திரி முழுக்க ஆறட்டும். விடிஞ்சதும் திறப்போம். மறுபடி திறக்கறது ஒண்ணும் அவமானம் இல்லை, எங்க டாக்டர் எத்தனையோ தடவை திறந்திருக்காரு." பிறகு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "அது எனக்கும் பேஷண்ட்தான்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இன்ஜினின் தலையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே லாரி தெருவுக்குள் வந்து வாசலில் நின்றது. காந்தம் இறங்கினார். லாரியை அணைக்கவில்லை.

"ஆஃப் பண்ணு தம்பி, சத்தம் தாங்கலை."

"ஆஃப் பண்ணினா திரும்பக் கிளம்பாதுக்கா. பரவாயில்லை, நொடியில ஏத்திக்கிட்டுக் கிளம்பிடுவேன். என்ன மாமா, காஜா பட்டன் மட்டும்தான் பாக்கியா?"

தையல்காரர் கடைசி நட்டைத் திருகி எடுத்தார். தலை கழன்று வந்தது. உள்ளே இருந்த கேஸ்கட்டை நர்ஸம்மா இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். சுற்றிலும் ஓரம் நீட்டிக்கொண்டு, பாவாடைக்கு ஃப்ரில் வைத்ததுபோல் தொங்கியது.

"இது என்னங்க இவ்ளோ பெருசா?"

"தையலுக்கு விட்டது," என்றார் தையல்காரர்.

"எதுக்கு விட்டது?"

"எப்பவும் கொஞ்சம் விட்டுத்தாம்மா வெட்டணும். நாளைக்கு உடம்பு போட்டுச்சுன்னா பிரிச்சு விட்டுக்கலாம்."

"இன்ஜின் உடம்பு போடுமா?"

தையல்காரர் யோசித்தார். இத்தனை வருடத் தொழிலில் உடம்பு போடாத வாடிக்கையாளரை அவர் பார்த்ததில்லை. இன்ஜின் போடாது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

நர்ஸம்மா தகட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். பெரிய ஓட்டைகள் நாலும் அளவாக இருந்தன. தண்ணீர் ஏற வேண்டிய சின்ன ஓட்டைகள் ஓட்டைகளாகவே இல்லை. ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கீறல். கீறலின் ஓரம் பிரியாமல் இருக்க, பட்டன் துளைக்குப் போடுவதுபோல் நெருக்கமாக நூல் தையல்.

"காஜா எடுத்திருக்கீங்க," என்றார் நர்ஸம்மா.

"காஜான்னா இறுக்கமாத்தானே இருக்கணும்," என்றார் தையல்காரர், சன்னமான குரலில்.

காந்தம் லாரியின் பம்பரில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தக் குலுக்கலில் லாரியின் நட்டு இரண்டு கழன்று அவர் இடுப்பில் ஒட்டிக்கொண்டன. "மாமா, இன்ஜினுக்குக் காலர் வைக்கலையா? விடுங்க, சங்கிலியைப் போடறேன். கடையிலயும் இன்னைக்கு ஷீட் கிடைக்காது."

"எதுக்குப் புது ஷீட்டு?" என்றார் தையல்காரர்.

நிமிர்ந்து நின்றார். முகம் தெளிந்திருந்தது. "சிறுசா வெட்டியிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது மாப்ள, தூக்கிப் போட வேண்டியதுதான். பெருசா இருந்தா வெட்டிக்கலாம். ஏன் விட்டு வெட்டறோம்னு நினைச்சே?"

சாக்கட்டியால் புதுக் கோடு இழுத்தார். கத்தரிக்கோல் சுற்றி வந்தது. ஃப்ரில் ஒரே நாடாவாக, அறுபடாமல் தரையில் விழுந்தது. பிறகு சின்னக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு காஜாவையும் தையலோடு வெட்டி வட்டமாக்கினார். அவர் கை அவ்வளவு வேகமாகப் போனதை நர்ஸம்மா கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை.

தகட்டைப் பொருத்தி, தலையைத் தூக்கி வைக்கப் போகும்போது, "நில்லுங்க," என்றார் நர்ஸம்மா. "எண்ணணும்."

"அக்கா, நேரமாகுது."

"மூடறதுக்கு முன்னாடி எண்ணணும் தம்பி. எண்ணாம நான் யாரையும் மூட விட்டதில்லை, பெரிய டாக்டரையே நிறுத்தி வெச்சிருக்கேன்." தட்டிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். ஸ்பேனர்கள் இருந்தன. கத்தரிக்கோல் பெரியது, சின்னது. அளவு நாடா. ஊசி. "சாக்கட்டி எங்க?"

தையல்காரர் பையைத் தடவினார். காதோரம் தடவினார். காந்தம் பொறுமையிழந்து தானும் குனிந்து தேடினார். நர்ஸம்மா தேடவில்லை; நேரே மூன்றாவது பிஸ்டன் இருக்கும் குழிக்குள் இரண்டு விரலை விட்டார். எடுத்தபோது விரல்களுக்கு நடுவே நீலச் சாக்கட்டி இருந்தது. அவர் அதைத் தட்டில் வைத்து, "இப்ப மூடுங்க," என்றார்.

மூடினார்கள். தண்ணீர் ஊற்றினார்கள். தையல்காரர் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

"திருப்புங்க மாமா," என்றார் காந்தம்.

"திருப்பியாச்சு."

"ஓடலையே?"

உண்மையில் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டுப் பதம் பார்த்துப் பழகிய கை. இன்ஜினையும் அதே பதத்துக்குக் கொண்டுவந்திருந்தது. நர்ஸம்மா ஸ்டெதஸ்கோப்பைப் பானெட்டில் வைத்துக் கேட்டுவிட்டு, அதைத் தம்பியின் காதில் மாட்டினார். காந்தத்தின் முகம் மாறியது. இருந்தும் நம்பாமல் ஓர் ஊசியை வாங்கிப் பானெட்டின்மேல் செங்குத்தாக நிறுத்தினார். ஊசி நின்றது. ஊசியின் காதில் நூலைக் கோத்தார், அப்போதும் நின்றது. வாத்தியார் தன் வீட்டு வாசலிலிருந்து, "பேச்சு வந்துடுச்சா?" என்று கத்தினார்.

"வந்துடுச்சு சார். மெதுவாப் பேசுது," என்றார் நர்ஸம்மா.

இருந்தும் தெருவில் ஏதோ குறைவதுபோல் இருந்தது. லாரியின் சத்தம்தான். காலையிலிருந்து சும்மா நின்றபடி ஓடி, டீசல் முழுதும் தீர்ந்து அது எப்போதோ அடங்கிவிட்டிருந்தது.

தையல்காரர் பதிலுக்குச் சிரிக்கவில்லை. அவர் பெரிய மனிதர். ஜீன்ஸ் துணித் தூளியை எடுத்துக் காரின் பின்னாலும் லாரியின் முன்னாலும் முடிச்சுப் போட்டார். காந்தம் தலையைக் குனிந்தபடி லாரியில் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்தார். நர்ஸம்மா கையைக் கழுவி, புடவையைச் சரிசெய்துகொண்டு, காரின் முன்னிருக்கையில் உட்கார்ந்தார். கார் கிளம்பியது. லாரியையும், அதில் ஏற்கெனவே ஏற்றியிருந்த மூன்று டன் இரும்பையும், காந்தத்தையும் இழுத்துக்கொண்டு தெருவின் நடுவே கம்பீரமாகப் போனது. இரண்டு பக்கமும் ஜனங்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள். வாத்தியார் ஒரு கையை உயர்த்திக் காட்டினார்; மற்றொரு கையில் ஆப்பிள்.

"சொன்ன தேதிக்கு முடிச்சிட்டீங்க," என்றார் நர்ஸம்மா.

தொழிலில் அவரிடம் இதை யாரும் சொன்னதில்லை. "எங்கம்மா போகணும்?" என்று மட்டும் கேட்டார்.

"நேராப் போங்க. எங்க திரும்பறதுன்னு அப்புறம் பார்த்துக்கலாம்."

தெருமுனையில் காரும் லாரியும் ஒரே வளைவாகத் திரும்பிப் பெரிய சாலையில் ஏறின.

அந்தத் தெருவின் அகலம், இதுவும் சத்தியம், மூன்றரை அடி. எதிரே சைக்கிள் வந்தால் நடந்து போகிறவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும்.